கஜகஸ்தான்: எண்ணெய், யுரேனியம், அப்புறம் அங்கே வாழும் மக்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம் படிக்கப் பிள்ளைகளைக் கஜகஸ்தானுக்கு அனுப்பும் பெற்றோர், "அது எப்படிப்பட்ட நாடு, வசதியான நாடா?" என்று கேட்கிறார்கள். கச்சா எண்ணெய், யுரேனியம் விலையைக் கவனிக்கிறவர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள். அந்த நாட்டின் பொருளாதாரத்தைத் தொடர்ந்து படித்து வருகிறவன் என்ற முறையில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை ஒரே இடத்தில் தருகிறேன்.

கஜகஸ்தான் பணக்கார நாடா, ஏழை நாடா?

நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே. மொத்த உற்பத்தியைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் 2023 கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 13,000 டாலர் வரும். இந்தியாவைப் போல ஐந்து மடங்கு. 1991 டிசம்பர் 16 அன்று சோவியத் ஒன்றியத்திலிருந்து கடைசியாகப் பிரிந்த குடியரசு அது. அப்போது கடைகளில் பொருள் இல்லை, கையில் சொந்த நாணயம்கூட இல்லை. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்தது சாதனைதான், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 2024ல் சராசரி மாத ஊதியம் 4 லட்சம் தெங்கேயைத் தாண்டியது என்றார்கள். தெங்கே அந்நாட்டு நாணயம். எல்லாச் சம்பளங்களையும் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால், 3 லட்சத்தை ஒட்டித்தான் சொல்வார். மேற்கே எண்ணெய் எடுக்கும் அதிராவ் மாகாணம் தலைக்கு உற்பத்தியில் நாட்டிலேயே முதலிடம். தெற்கே பிள்ளைகள் நிறையப் பிறக்கும் துர்கிஸ்தான் மாகாணம் கடைசியில். அதிராவிலும்கூட, உற்பத்தியாகும் பணம் வேறு, வீட்டுக்கு வந்து சேரும் பணம் வேறு.

எவ்வளவு பெரிய நாடு?

27 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். உலகில் ஒன்பதாவது இடம். இந்தியாவைவிடக் கொஞ்சம்தான் சிறியது, ஆனால் மக்கள் தொகை வெறும் 2 கோடி. பெருங்கடலுக்கு வழியே இல்லாத நாடுகளில் இதுதான் மிகப் பெரியது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

மண்ணுக்கடியில் அப்படி என்னதான் இருக்கிறது?

வேதியியல் பாடத்தில் வரும் தனிம அட்டவணை முழுவதும் தங்கள் மண்ணில் இருப்பதாக அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மேற்கே எண்ணெய், எரிவாயு. நடுவில் செம்பும் நிலக்கரியும். கிழக்கே துத்தநாகம், ஈயம். அக்தோபே பக்கம் குரோமியம்; அங்கே ஒரு சுரங்க ஊருக்குப் பெயரே குரோம்தாவ், அதாவது குரோமிய மலை. தெற்கே யுரேனியம், உலக உற்பத்தியில் 40 விழுக்காடு அளவுக்கு.

இவற்றில் நாட்டின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது எண்ணெய். 2024 கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கோடி டன். மூன்று வயல்களில்தான் பெரும் பங்கு வருகிறது: 1979ல் கண்டுபிடித்த தெங்கிஸ், அதே ஆண்டு கண்டுபிடித்த கராச்சகானக், 2000ல் காஸ்பியன் கடலடியில் கண்டுபிடித்த கஷகான்.

இவ்வளவு எண்ணெய் இருந்தும் ஏன் வெளிநாட்டு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள்?

எடுக்க முடியாமல்தான். கஷகானையே எடுத்துக்கொள்வோம். காஸ்பியனின் வட பகுதியில் தண்ணீர் ஆழம் மூன்று நான்கு மீட்டர்தான். குளிர்காலத்தில் அது உறைந்து, காற்றில் நகரும் பனிக்கட்டிகள் எதையும் இடித்துத் தள்ளும். அதனால் சாதாரணக் கடல் மேடைகள் அங்கே நிற்காது. கடலுக்குள் மண்ணும் கல்லும் கொட்டிச் செயற்கைத் தீவுகள் கட்டினார்கள். எண்ணெய் இருப்பதோ அதற்குக் கீழே நான்கு கிலோமீட்டர் ஆழத்தில், பயங்கரமான அழுத்தத்தில். அதோடு சேர்ந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏராளம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு கொஞ்சம் கூடுதலாக மூக்கில் ஏறினால் ஆள் பிழைக்க மாட்டார்.

2005ல் தொடங்க வேண்டிய உற்பத்தி 2013 செப்டம்பரில்தான் தொடங்கியது. சில வாரங்களிலேயே நின்றது. அந்த வாயு பட்டுக் குழாயின் எஃகு விரிசல் விட்டிருந்தது. மொத்தமாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் குழாயைப் பிடுங்கி, அரிப்பைத் தாங்கும் கலப்பு உலோகத்தில் மாற்றிப் போட்டு, 2016 கடைசியில் மறுபடி தொடங்கினார்கள். செலவு 5,000 கோடி டாலர் அளவுக்குப் போனது. 1990களில் ஓய்வூதியம் கொடுக்கவே திணறிய அரசு இதைத் தனியாகச் செய்திருக்க முடியாது.

தெங்கிஸ் கதை வேறு. 1993ல் அமெரிக்காவின் செவ்ரான் நிறுவனத்தோடு 40 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். இன்றைய பங்கு: செவ்ரானுக்குப் பாதி, எக்ஸான்மொபிலுக்குக் கால்வாசி, அரசு நிறுவனமான காஸ்முனைகாஸுக்கு 20 விழுக்காடு, ரஷ்யாவின் லுக்ஆயிலுக்கு 5 விழுக்காடு. அங்கும் எண்ணெயோடு கந்தகம் வரும். பிரித்தெடுத்த கந்தகத்தை வாங்க ஆளில்லாத காலத்தில், மஞ்சள் நிறப் பாளங்களாக அதை வெட்டவெளியில் மலை மலையாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

அப்படியானால் நாட்டுக்கு என்ன மிச்சம்?

வரி, ஏற்றுமதித் தீர்வை, அரசு நிறுவனத்தின் பங்கு லாபம். கஷகான், கராச்சகானக் வயல்களில் உற்பத்திப் பங்கீட்டு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. எளிமையாகச் சொன்னால், முதலில் விற்ற எண்ணெயிலிருந்து நிறுவனங்கள் தாங்கள் போட்ட செலவை எடுத்துக்கொள்ளும், மீதியைத்தான் இரு தரப்பும் பிரித்துக்கொள்வார்கள். செலவு ஏற ஏற, நாட்டின் பங்கு வருவது தள்ளிக்கொண்டே போகும். "செலவுக் கணக்கைக் காட்டுங்கள்" என்று அரசு இப்போது பன்னாட்டு நடுவர் மன்றம் வரை போயிருக்கிறது. முழு ஒப்பந்தம் மக்கள் கண்ணில் படவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. தன் நிலத்தடிச் சொத்தை என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளக் குடிமகனுக்கு உரிமை உண்டு.

கடல் இல்லாத நாடு எண்ணெயை எப்படி விற்கிறது?

காஸ்பியன் இருக்கிறதே என்பார்கள். அது பெயரளவில்தான் கடல், பெருங்கடலோடு சேராது. பெரும்பாலான எண்ணெய் தெங்கிஸிலிருந்து ரஷ்யாவின் கருங்கடல் துறைமுகமான நோவோரோசிஸ்க் வரை, 1,500 கிலோமீட்டர் குழாயில் போகிறது. 2001ல் திறந்த இந்தக் குழாய்தான் ஏற்றுமதி எண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைச் சுமக்கிறது.

உக்ரைன் போர் தொடங்கிய பிறகு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரிந்துவிட்டது. 2022 மார்ச்சில் புயல் சேதம் என்று சொல்லிக் கப்பலில் ஏற்றுவதைக் குறைத்தார்கள். ஜூலையில் ரஷ்ய நீதிமன்றம் ஒன்று 30 நாள் மூடச் சொன்னது. மேல்முறையீட்டில் அது அபராதமாகச் சுருங்கியது. 2025 பிப்ரவரியில் வழியிலுள்ள பம்பிங் நிலையத்தை உக்ரைனின் ட்ரோன்கள் தாக்கின. போரில் எந்தப் பக்கமும் சேராத நாடு, இரண்டு பக்கத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது.

மாற்று வழிகள் உண்டு. சீனாவுக்கு ஒரு குழாய், அக்தாவ் துறைமுகத்திலிருந்து டேங்கர் கப்பலில் அசர்பைஜானின் பாகு, அங்கிருந்து துருக்கி. எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த ஒரு குழாய்க்கு ஈடாகாது. போதாக்குறைக்குக் காஸ்பியனின் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே வருகிறது. அக்தாவில் கப்பல் நிற்கக் கடலடியைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டிய நிலை.

எண்ணெய்ப் பணத்தைச் சேமிக்கிறார்களா?

ஆம், இது பாராட்ட வேண்டிய விஷயம். 2000ல் தேசிய நிதியம் ஒன்றைத் தொடங்கினார்கள். எண்ணெய் நிறுவனங்களின் வரி நேராக அதில் விழும், அதை வெளிநாட்டில் முதலீடு செய்வார்கள். நார்வேயைப் பார்த்துச் செய்தது. 2014ல் 7,700 கோடி டாலர் வரை ஏறியது. அதன் பிறகு எண்ணெய் விலை சரிந்தது, அரசும் ஆண்டுதோறும் பட்ஜெட் பள்ளத்தை நிரப்ப அதிலிருந்து எடுத்தது. 6,000 கோடியை ஒட்டி நின்றது. நார்வே எடுப்பதற்கும் இவர்கள் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: அங்கே வருமானத்தில் கை வைக்கிறார்கள், இங்கே பல ஆண்டுகள் அசலிலேயே கை வைத்துவிட்டார்கள்.

2024 ஜனவரி முதல் ஒரு புதுத் திட்டம். நிதியத்தின் ஆண்டு முதலீட்டு வருமானத்தில் பாதியை, 18 வயது நிரம்பாத ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் வரவு வைக்கிறார்கள். முதல் ஆண்டு ஒரு பிள்ளைக்கு 100 டாலருக்குச் சற்று மேல் விழுந்தது. 18 வயதானதும் வீட்டுக்கோ படிப்புக்கோ எடுத்துக்கொள்ளலாம். தொகை சிறிதுதான். ஆனாலும் எண்ணெய்ப் பணம் ஒரு குழந்தையின் பெயரில் கணக்காக நிற்பது அந்த நாட்டில் இதுவே முதல் முறை.

2022ல் அங்கே கலவரம் நடந்ததே, எதனால்?

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கஜகஸ்தானின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு ஊர்க் கதையில் இருக்கிறது.

ஊரின் பெயர் ஜானாஓசென். மேற்கே மங்கிஸ்தாவ் பாலைவனத்தில், 1960களில் எண்ணெய் எடுப்பதற்காகவே கட்டிய ஊர். எண்ணெய் வேலையை விட்டால் வேறு வேலை கிடையாது. ஆறு கிடையாது, மரம் அபூர்வம். குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் வோல்கா ஆற்றின் கிளையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் குழாயில் அந்தப் பகுதிக்கு வருகிறது. எண்ணெய் ஒரு குழாயில் வெளியே போகும், தண்ணீர் இன்னொரு குழாயில் உள்ளே வரும்.

2011ல் சம்பளம் போதவில்லை என்று எண்ணெய்த் தொழிலாளர்கள் மே மாதம் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் ஊர்ச் சதுக்கத்தில் உட்கார்ந்தார்கள். டிசம்பர் 16, நாட்டின் இருபதாவது சுதந்திர நாள், போலீஸ் சுட்டது. அரசுக் கணக்கிலேயே பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பத்து ஆண்டு கழித்து அதே ஊர். அந்தப் பகுதியில் பெரும்பாலான கார்கள் எல்பிஜி கேஸில் ஓடுகின்றன. லிட்டர் 60 தெங்கேக்கு அருகில் இருந்தது. அரசு கட்டுப்படுத்திய அந்த விலை உற்பத்திச் செலவுக்கே கட்டாது, அதனால் யாரும் புது ஆலை போடவில்லை, மலிவுச் சரக்கு எல்லை தாண்டிக் கடத்தப்பட்டது. இதெல்லாம் உண்மையான சிக்கல்கள்தான். அதைச் சரிசெய்கிறோம் என்று 2022 ஜனவரி 1 முதல் விலையைச் சந்தை கையில் விட்டார்கள். புத்தாண்டன்று வண்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போனவர் கண்ணில் பட்டது 120 தெங்கே. ஒரே இரவில் இரட்டிப்பு. டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்கு அன்றைய கூலி அதிலேயே போய்விடும். "நம் காலடியிலிருந்துதானே எடுக்கிறார்கள், நமக்கே இந்த விலையா?" என்பதுதான் அவர்கள் கோபம். அடுத்த நாள் சாலையில் இறங்கினார்கள்.

அரசு பதறிப்போய் விலையை 50 தெங்கேக்கு இறக்கியது. அதற்குள் போராட்டம் நாடு முழுக்கப் பரவி, நாட்டின் மிகப் பெரிய நகரமான அல்மாட்டியில் துப்பாக்கிச் சூடு, தீவைப்பு, கொள்ளை என்று முடிந்தது. ரஷ்யா தலைமையிலான கூட்டுப்படை வந்திறங்கியது. 238 பேர் இறந்ததாக அரசே சொன்னது. கேஸ் விலையோடு, முப்பது ஆண்டு ஆண்ட நசர்பாயேவைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் செழித்ததும் கோபத்துக்குக் காரணம். 2019ல் அவருக்குப் பின் வந்த அதிபர் டோகாயேவே, முதல் அதிபரின் காலத்தில் பெரும் பணக்காரக் கூட்டம் ஒன்று உருவானதை அந்த மாதம் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

விலையைத் திருத்துவது தப்பில்லை. குளிர்காலத்தில், மாற்று வண்டி இல்லாத ஊரில், கையில் ஈட்டுத்தொகை எதுவும் கொடுக்காமல், ஒரே நாளில் திருத்தியதுதான் தப்பு.

தெங்கே ஏன் இவ்வளவு மதிப்பிழந்தது?

1993 நவம்பரில் அறிமுகமானபோது ஒரு டாலருக்கு 4.7 தெங்கே. 2025ல் 500 தெங்கேக்கு மேல். 2015 ஆகஸ்டில் மத்திய வங்கி பிடியை விட்டபோது ஒரே நாளில் 188லிருந்து 255க்குப் போனது. டாலர் கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள், தெங்கேயில் சம்பளம், டாலரில் தவணை.

எண்ணெய் விலை ஏறும்போது டாலர் கொட்டும், தெங்கே பலமாக நிற்கும். உடனே சீன, துருக்கிப் பொருள்கள் மலிவாகும், உள்ளூரில் செருப்பு தைப்பவர், மேசை நாற்காலி செய்பவர் போட்டி போட முடியாமல் கடையை மூடுவார். எண்ணெய் விலை விழுந்தால் தெங்கேயும் விழும், இறக்குமதிப் பொருள் விலை ஏறும். அந்த நேரத்தில் கைகொடுக்க உள்ளூர்ப் பட்டறை இருக்காது, முன்பே மூடியாகிவிட்டது. நெதர்லாந்தில் எரிவாயு கிடைத்தபோது இப்படி நடந்ததால் இதற்கு டச்சு நோய் என்று பெயர். 2023 பிப்ரவரியில் விலைவாசி உயர்வு 21 விழுக்காட்டைத் தாண்டியது.

இந்தியாவுக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு?

யுரேனியம் முக்கியமானது. 2009 குடியரசு தினத்துக்கு நசர்பாயேவ் தலைமை விருந்தினராக டெல்லி வந்தபோது அணுசக்தி ஒத்துழைப்புக்குக் கையெழுத்தானது. 2015ல் 5,000 டன்னுக்கு இன்னொரு ஒப்பந்தம். அங்கே யுரேனியத்துக்குச் சுரங்கம் வெட்டுவதில்லை. ஆழ்துளைக் கிணறு போட்டு, கந்தக அமிலம் கலந்த நீரை உள்ளே செலுத்தி, யுரேனியம் கரைந்த நீரை வேறு கிணற்றில் மேலே எடுக்கிறார்கள். மலிவான முறை. ஆனால் அமிலம் போதாமல் அரசு நிறுவனமான கசாட்டம்புரோம் உற்பத்தி இலக்கைக் குறைக்க வேண்டி வந்தது.

யுரேனியம் இவ்வளவு இருந்தும் அவர்களிடம் அணுமின் நிலையம் இல்லையாமே?

இல்லை. அதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. இந்திய மாணவர்கள் மருத்துவம் படிக்கும் செமெய் நகருக்கு அருகில்தான் சோவியத்தின் செமிபலாடின்ஸ்க் அணு ஆயுதச் சோதனைக் களம் இருந்தது. 1949 முதல் 1989 வரை 456 சோதனைகள். சுற்றியுள்ள கிராமத்தாரிடம் என்ன நடக்கிறதென்றே சொல்லவில்லை. புற்றுநோயும் பிறவிக் குறைகளும் தலைமுறை தாண்டித் தொடர்ந்தன. 1991 ஆகஸ்ட் 29 அன்று அதை மூடினார்கள். சோவியத் விட்டுப்போன அணுகுண்டுகளையும் 1995க்குள் ரஷ்யாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் அணுமின் நிலையம் என்றாலே அங்கே நெஞ்சு பதறும். அக்தாவில் 1999 வரை ஓடிய ஒரு உலையைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. மின்சாரத்தோடு கடல்நீரைக் குடிநீராக்கும் வேலையையும் அது செய்தது. 2024 அக்டோபரில் பொது வாக்கெடுப்பு வைத்தார்கள், சுமார் 71 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். பல்காஷ் ஏரிக்கரையில் உல்கென் என்ற கிராமம் இடமாகக் குறிக்கப்பட்டது. கட்டப்போவது ரஷ்ய அரசின் அணுசக்தி நிறுவனமான ரோசாட்டம்.

எண்ணெய் நாட்டில் மின்வெட்டு ஏன்?

மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து, அதுவும் சோவியத் காலத்து ஆலைகளில். கட்டணத்தைக் குறைவாக வைத்ததால் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கவில்லை. 2022 நவம்பரில் எக்கிபாஸ்துஸ் நகரில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் அமைப்பு உடைந்தது. உலகிலேயே உயரமான புகைபோக்கி நிற்கும், நிலக்கரிக்கே பேர்போன நகரம் அது. வெளியே மைனஸ் 30 டிகிரி அளவுக்குக் குளிர், வீட்டுக்குள் சூடு இல்லை. மக்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்கள்.

கராகண்டா பக்கம் கோஸ்தென்கோ நிலக்கரிச் சுரங்கத்தில் 2023 அக்டோபர் 28 அன்று 46 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அதை நடத்திய பன்னாட்டு எஃகு நிறுவனமான ஆர்சலர்மிட்டல் அங்கிருந்து வெளியேறி, ஆலையும் சுரங்கங்களும் உள்நாட்டுக்காரர் கைக்கு மாறின. அதற்கு முந்தைய விபத்துகளிலேயே விழித்திருக்க வேண்டும்.

விவசாயம்?

வடக்கே கோதுமை. 1954ல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்தில் புல்வெளியை உழுது தொடங்கியது. கோதுமையும் மாவும் உஸ்பெகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம் போகின்றன.

ஆரல் கடல் வற்றிப்போனது அங்கேதானே?

பாதி அங்கே, பாதி உஸ்பெகிஸ்தானில். ஆனால் கஜகஸ்தான் பக்கம் ஒரு நல்ல செய்தி. 2005ல் உலக வங்கி உதவியோடு 13 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோக்-ஆரல் அணையைக் கட்டி, சிர் தரியா ஆற்று நீர் தெற்கே ஓடி வீணாகாமல் வட ஆரலில் தேக்கினார்கள். உப்பு குறைந்தது, மீன் திரும்பியது, வலையை மூட்டை கட்டி வைத்தவர்கள் மறுபடி படகெடுத்தார்கள். கஷகானுக்குக் கொட்டிய பணத்தோடு பார்த்தால் இதற்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை. அந்த நாட்டின் வளர்ச்சித் திட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எண்ணெயை விட்டால் வேறு வழி தேடுகிறார்களா?

தேடுகிறார்கள். சீன எல்லையில் கோர்கோஸ் என்ற உலர்துறைமுகம் இருக்கிறது. சீன ரயில்பாதை 1,435 மில்லிமீட்டர் அகலம், சோவியத் பாதை 1,520. அதனால் வண்டி நேராக வர முடியாது, கன்டெய்னர்களை ராட்சத கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கி அடுத்த பாதையில் நிற்கும் பெட்டியில் வைக்கிறது. சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கின் வாசற்படியாக ஆக வேண்டும் என்பது திட்டம். ரஷ்யாவைத் தொடாமல் அக்தாவ், பாகு, ஜார்ஜியா வழியாகவும் போக நினைக்கிறார்கள், காஸ்பியன் வற்றாமல் இருந்தால்.

நகரங்களில் காஸ்பி என்ற செயலி இல்லாமல் ஒரு நாள் நகராது. சந்தையில் ஆப்பிள் விற்கும் பாட்டிகூட க்யூஆர் அட்டையை நீட்டுவார். 2024ல் அந்த நிறுவனம் நியூயார்க் நாஸ்டாக்கில் பட்டியலானது. கூடவே ஒரு கவலையும் வந்தது: போன் முதல் பிரிட்ஜ் வரை தவணை, தவணைக்கு மேல் தவணை. கடன் கட்ட முடியாத தனிநபர்கள் திவால் அறிவிக்கத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது, 2023ல் அது நடைமுறைக்கு வந்தது.

படிக்கப் போகும் மாணவர் பணத்தை எப்படித் திட்டமிடலாம்?

கட்டணம் டாலரில் என்றால் ரூபாய்-டாலர் விலையைக் கவனியுங்கள். சாப்பாடு, பஸ், அறை வாடகை தெங்கேயில். அங்கே விலைவாசி வேகமாக ஏறுவதால் சீனியர் மாணவர் சொன்ன தொகையைவிடக் கூடுதலாக ஒதுக்குங்கள். 2026 ஜனவரி முதல் மதிப்புக் கூட்டு வரி 12லிருந்து 16 விழுக்காடாக ஏறியிருக்கிறது. அப்புறம், குளிர் உடைக்குத் தனியாக ஒரு தொகை. அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

2033ஐ. அந்த ஆண்டு தெங்கிஸ் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த ஒப்பந்தம் நாட்டுக்கு நல்ல நிபந்தனைகளோடு அமைய வேண்டும், பேச்சை விரைவுபடுத்துங்கள் என்று 2025 ஜனவரியில் டோகாயேவ் அமைச்சர்களிடம் சொன்னார். 1993ல் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தது கஜானா காலியான அரசு. இந்த முறை அப்படியில்லை, கேட்க வேண்டியதைக் கேட்கும் நிலையில் இருக்கிறார்கள். கையெழுத்தாகும் ஒப்பந்தத்தை, கஜக மொழியிலும் ரஷ்ய மொழியிலும், ஜானாஓசெனில் டாக்ஸி ஓட்டுபவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். குழந்தைகள் கணக்குத் திட்டம் தொடங்கிய 2024ல் ஒன்பது வயதான பிள்ளைக்கு 2033ல்தான் 18 நிரம்புகிறது.